நடைபாவாடை

1962ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள். நியூயார்க் யாங்கீஸ் அணிக்குப் புதிதாக வந்திருந்த 23 வயதுப் பந்தெறிவாளர் ஜிம் பௌட்டன், தாம் தொடக்கம் முதல் எறிந்த முதல் பேஸ்பால் ஆட்டத்திலேயே எதிரணிக்கு ஓர் ஓட்டமும் கொடாது வென்றார். உடைமாற்றும் அறைக்குத் திரும்பியபோது, வாயில் தொடங்கி அவருடைய இடம் வரை வெள்ளைத் துண்டுகள் நடைபாவாடையாக விரிந்து கிடந்தன. விரித்தவர், அன்றைய அமெரிக்கா கொண்டாடிய மட்டையாளர் மிக்கி மேன்டில்.

இதனை நாம் அறிவது, பௌட்டன் 1970இல் வெளியிட்ட ‘பால் ஃபோர்’ என்னும் நாட்குறிப்பு நூலின் வாயிலாக. ஆனால் அந்நூலின் பெயரைச் சொன்னதும் பலருக்கு நினைவில் எழுவது வேறொரு மேன்டில்: இரவெல்லாம் குடித்த மயக்கம் தெளியாமலே களமிறங்கி ஹோம் ரன் அடித்தவர், கையெழுத்துக்குக் காத்துநின்ற சிறுவர்களின் முகத்துக்கு நேரே பேருந்துச் சன்னலை மூடியவர். மூன்று செய்திகளும் ஒரே நூலில்தான் உள்ளன. இரண்டை ஊர் எடுத்துக்கொண்டது, துண்டுகளை விட்டுவிட்டது.

பேஸ்பாலில் அணியின் வெற்றி தோல்விகள் பந்தெறிவாளர் பெயரிலும் கணக்கில் ஏறும். பௌட்டன் கணக்கில் 1963இல் 21 வெற்றிகள், 1964இல் 18, அவ்வாண்டு உலகத் தொடரில் மேலும் இரண்டு. எறியும் வேகத்தில் அவர் தலைத்தொப்பி தெறித்து விழுவது அந்நாளில் பெயர்பெற்ற காட்சி. 1965இல் கை கெட்டது. அவ்வாண்டு வெற்றி நான்கு, தோல்வி 15. நான்காண்டுகளுக்குப் பின், சியாட்டில் பைலட்ஸ் என்னும் புதிய அணியில் அவர் ஒட்டிக்கொண்டிருந்தது நக்கிள்பால் என்னும் ஒரு பந்துவகையை நம்பித்தான். விரல் நுனிகளால் பற்றி, ஏறத்தாழச் சுழலே இல்லாமல் விடப்படும் பந்து அது. காற்றில் தள்ளாடிச் செல்லும். எங்கே போய் முடியும் என்பது எறிந்தவருக்கே தெரியாது. வேகம் வேண்டாததால், நொந்த கைக்கு ஏற்றது. அணியும் அப்படியே தள்ளாடியது. 1969இல் 98 ஆட்டங்களில் தோற்று, அந்த ஒரே பருவத்தோடு கடனில் மூழ்கி, மில்வாக்கி நகருக்குப் போய்ப் பெயரும் மாறிற்று. பருவம் முடியுமுன்பே பௌட்டனை ஹூஸ்டன் அணிக்கு மாற்றிவிட்டிருந்தனர்.

அவ்வாண்டு முழுவதும் கையில் அகப்பட்ட தாள்களில் எல்லாம் அவர் குறிப்பெழுதினார், ஒலிநாடாவிலும் பேசிவைத்தார். செப்பனிட்டவர் லெனார்ட் ஷெக்டர் என்னும் செய்தியாளர். வரலாற்று நோக்கில் இந்நூலின் மதிப்பு இங்கேதான் என்பது நம் எண்ணம். ஓய்வுபெற்ற வீரர் எழுதும் நினைவுக் குறிப்பில் முடிவு முன்பே தெரிந்திருக்கும். தோழர்கள் யாவரும் நல்லவர்களாகிவிடுவர். இங்கோ, நாளை அணியில் இடம் உண்டா என்றறியாதவன் அன்றன்றே எழுதுகிறான். சம்பளத்துக்காக நிருவாகத்திடம் மன்றாடுவது, சோர்வை மறைக்க விழுங்கும் ஊக்க மாத்திரை, நேற்றுவரை அருகில் அமர்ந்திருந்தவன் இன்று பெட்டி கட்டுவது எல்லாம் அதில் உண்டு. வீரரை ஒரே அணியோடு கட்டிப்போட்ட ஒப்பந்த முறை 1975 இறுதியில்தான் உடைந்தது. அதற்கு முந்தைய நிலையை உள்ளிருந்து காட்டும் நூல்களில் இதற்கு இணை சிலவே.

நூல் வந்ததும் பேஸ்பால் ஆணையர் போவி கூன் அவரை அழைத்து, எழுதியது உண்மையன்று எனக் கையெழுத்திடுமாறு வற்புறுத்தினார். பௌட்டன் மறுத்தார். ஆணையரின் சினத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. தோழர்களின் சினம் வேறு. அறையில் கண்டதும் கேட்டதும் அறையோடு என்பது அவர்களிடையே இருந்த வழக்கம். பக்கத்தில் உடைமாற்றிக்கொண்டிருப்பவன் தம்மைக் குறிப்பெடுக்கிறான் என அறிந்தால் எவர் இசைவர்? அவ்வழக்கை நாம் எளிதில் தள்ளிவிட இயலவில்லை. பௌட்டன் தம்மையும் விட்டுவைக்கவில்லை; தம் அச்சத்தையும் பொறாமையையும் சேர்த்தே எழுதினார். ஆனால் அது அவர் தம் உடைமை. மேன்டிலின் இரவுகள் அவருடையன அல்லவே.

யாங்கீஸ் அணி ஆண்டுதோறும் பழைய வீரர்களை அழைத்து விழா எடுக்கும். பௌட்டனுக்கு மட்டும் அழைப்பில்லை. மேன்டில்தான் தடுக்கிறார் என்றொரு பேச்சும் இருந்தது. 1994இல் மேன்டிலின் மகன் இறந்தபோது பௌட்டன் ஆறுதல் மடல் எழுதினார். மறுமொழியாக மேன்டில் அவருடைய தொலைபேசிப் பதிவுக் கருவியில் பேசியிருந்தார். மடலுக்கு நன்றி சொல்லி, அழைப்பு மறுக்கப்பட்டதற்குத் தாம் காரணமல்லர் என்று தெரிவித்திருந்தார். பௌட்டன் அந்த நாடாவை அழிக்காமல் வைத்துக்கொண்டார். மறு ஆண்டே மேன்டில் காலமானார்.

1997இல் பௌட்டனின் மகள் சாலை விபத்தில் இறந்தார். அடுத்த ஆண்டு தந்தையர் நாளன்று, தந்தையை விழாவுக்கு அழைக்குமாறு யாங்கீஸை வேண்டி அவருடைய மகன் எழுதிய கடிதம் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் வந்தது. அழைத்தார்கள். 1998 ஜூலையில், 59 வயதில், பௌட்டன் அந்த மேட்டில் மறுபடி ஏறிப் பந்தெறிந்தார். தொப்பி தெறித்து விழுந்தது.