சாமியாடியின் செவி

மானிடச் செவிக்கு எட்டாத ஒலிகளைக் கேட்கும் ஆற்றலைத் திவ்விய சுரோத்திரம் என வழங்கிய பதஞ்சலி முனிவர், செவிக்கும் ஆகாயத்துக்குமுள்ள சம்பந்தத்தின்மேல் சித்தத்தை நிலைநிறுத்திய யோகிக்கே அது சித்திக்கும் என்றார். சாயர்புரத்தைச் சுற்றிய பனங்காட்டுச் சீமையிலோ, அசரீரி காதில் விழுவதற்குக் காது செவிடுபடும் ஆரவாரமே வேண்டியிருந்தது.

சாமுவேல் சாயர் என்னும் வணிகர் வாங்கிய நிலத்தில் கிறிஸ்தவர்களின் குடியிருப்பாக எழுந்த அவ்வூருக்கு 1842-இல் ஜி.யு. போப் வந்து கல்விச்சாலை நடத்திய அதே காலத்தில், தெற்கே இடையன்குடியில் தங்கியிருந்த கால்டுவெல் பாதிரியார், 1849-இல் வெளியிட்ட சிறு நூலில் சாமியாட்டத்தை விரிவாக வருணித்தார். மணிகள் கட்டிய வில்லின்மேல் வீசுகோல் விழ, குடமும் மேளமும் முழங்க, பலியின் குருதியைக் குடித்து அருளேறி ஆடுபவனிடம் ஊரார் நோயைப் பற்றியும், தூரதேசம் போன உறவினரின் க்ஷேமத்தைப் பற்றியும் குறி கேட்பார்களாம். அவன் வாயிலிருந்து வருவதோ தெளிவற்ற முணுமுணுப்பு. அதற்குப் பொருள் காணக் கேட்பவரின் ஆசையே பெரிதும் துணைபுரிந்தது என்று பாதிரியார் எழுதுகிறார். பரிகாசமாகவே எழுதினார், ஆயினும், கேளா ஒலியைக் கேட்டவர் சாமியாடியைக் காட்டிலும் அவனைச் சூழ்ந்து நின்றவர்களே என்ற உண்மையை அப்பாதிரியாரையன்றி அத்தனை கூர்மையாக எவர் கண்டார்?

சூழ்ந்து நின்றவர்களின் நம்பிக்கையே வலிமை தரும் என்பதே முத்துக்குளிக்கும் கடலிலும் நியதி. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டும் கடல்கட்டிகளுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கிடைத்ததாகவும், அவர்கள் இரவில் அம்மந்திரத்தை அவிழ்த்துவிடுவதாகவும் மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே குறித்தார். மீன்களுக்கும் இராப்பொழுது ஓய்வு வேண்டாமா! கடல்கட்டி கரையில் நில்லாவிட்டால் குளியாட்கள் கடலில் இறங்கத் துணியார். ஆகவே, மந்திரத்தில் எள்ளளவும் நம்பிக்கையில்லாத ஆங்கில அரசாங்கமே அவனுக்குச் சம்பளம் கொடுத்து வந்தது. மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையில், அரிப்பில், அவ்வுத்தியோகத்தைப் பரம்பரையாக வகித்த குடும்பத்தவன் ஒருவன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரோமன் கத்தோலிக்கனாக இருந்தான் என்பதையும், அதனால் மந்திரத்தின் வலிமை குறைந்ததாக எவரும் கருதவில்லை என்பதையும் இலங்கையைப் பற்றி நூல் எழுதிய எமர்சன் டென்னன்ட் பதிவு செய்திருக்கிறார். படகொன்றுக்குப் பத்துச் சிப்பி வீதம் அன்றாடம் அவனுக்குச் சேர வேண்டியதும் தவறாமல் சேர்ந்தது.