ஆணா, பெண்ணா? ஓர் இறகு சொன்ன விடை

வீட்டில் வளர்க்கும் பறவை ஆணா பெண்ணா என்பது சாதாரணமான கேள்வியாகவே தோன்றும். ஆட்டிலும் மாட்டிலும் பார்த்த மாத்திரத்தில் விடை கிடைத்துவிடுகிறது. பறவைகளிலோ பாலுறுப்புகள் பெரும்பாலும் உடலினுள்ளே மறைந்திருக்கின்றன. சேவலையும் மயிலையும் போலக் கொண்டையும் தோகையும் காட்டிக்கொடுக்கும் இனங்கள் உண்டுதான். நமது பச்சைக்கிளியும் ஓரளவு உதவும். கழுத்தைச் சுற்றி ஆரம் விழுந்திருந்தால் அது ஆண். ஆனால், அந்த ஆரம் விழுவதற்கு இரண்டு மூன்று வருடங்கள் ஆகும். இலங்கைக்கே உரிய லேயார்ட் கிளியில் வளர்ந்த ஆணின் மேற்சொண்டு சிவப்பு, பெண்ணின் சொண்டு கருமை. கிளிக் குடும்பத்தின் மிகப்பல இனங்களில் இத்தகைய அடையாளம் எதுவுமே இல்லை.

நான் கலைப்பீடத்தில் படித்தவன். உயிரியலுக்கும் எனக்கும் தூரம் அதிகம். ஆயினும், இந்தச் சிறிய கேள்வியின் வரலாறு என்னை ஈர்த்ததற்குக் காரணம் உண்டு. ஒரு தடவை, இக்கேள்விக்கான விடையில் ஓர் இனத்தின் எதிர்காலமே தங்கியிருந்தது.

கண்ணை நம்பி ஏமாந்தவர்களில் பெரிய அறிஞர்களும் அடங்குவர். நியூகினியிலும் சுற்றியுள்ள தீவுகளிலும் வாழும் எக்லெக்டஸ் கிளிகளில் ஆண் பச்சை நிறம். பெண்ணோ சிவப்பும் நீலமும். பாடம் செய்யப்பட்ட தோல்களை வைத்து ஆராய்ந்த ஐரோப்பியர், இவ்விரண்டையும் வெவ்வேறு இனங்களாகவே பதிந்து வைத்திருந்தனர். பச்சையெல்லாம் ஆண், சிவப்பெல்லாம் பெண் என்பதை ஜேர்மன் இயற்கையியலாளர் அடோல்ஃப் பேர்ன்ஹார்ட் மேயர் 1870களில் நியூகினிக்குச் சென்றுவந்த பின்னரே எடுத்துரைத்தார். கணவனையும் மனைவியையும் ஏறக்குறைய நூறு வருடங்கள் அந்நியர்களாக வைத்திருந்தது விஞ்ஞானம்!

அடுத்த வெளிச்சம் கூண்டுப் பறவையிடமிருந்தே வந்தது. கறுவா நிறமும் குஞ்சுப் பருவத்தில் இளஞ்சிவப்புக் கண்களும் கொண்ட ஒருவகைக் கனேரிப் பறவையை ஆங்கிலேயர் வளர்த்து வந்தனர். கறுவா நிற ஆணைச் சாதாரணப் பச்சைநிறப் பெண்ணோடு சேர்த்தால் பெண் குஞ்சுகள் தந்தையின் நிறத்தைப் பெறும். ஆண் குஞ்சுகள் பெறுவதில்லை. புளோரன்ஸ் டர்ஹம், டோரதியா மரியட் என்ற இரு பெண்மணிகள் இதனை ஆராய்ந்து 1908 இல் குறிப்பொன்றை வெளியிட்டனர். பறவைகளில் பிள்ளையின் பாலைத் தீர்மானிப்பது தாய் என்ற உண்மைக்கு இட்டுச்சென்ற தொடக்ககால ஆய்வுகளில் அதுவும் ஒன்று. மனிதரில் அதைத் தீர்மானிப்பது தந்தையின் விந்து. பெண்பிள்ளையாகவே பெறுகிறாள் என்று மருமகளைத் திட்டித்தீர்த்த மாமியார்கள் பறவையாகப் பிறந்திருந்தால் அவர்களது வாதத்தில் ஏதோ நியாயம் இருந்திருக்கும்.

விளக்கம் இதுதான். மனிதரில் ஆணிடம் எக்ஸ், வை என்ற இருவேறு நிறமூர்த்தங்கள் உள்ளன. பறவைகளில் நிலைமை தலைகீழ். ஆணிடம் ஒரேவகையான இரண்டு இசட் நிறமூர்த்தங்களும், பெண்ணிடம் ஓர் இசட்டும் ஒரு டபிள்யூவும் காணப்படும். ஆகவே டபிள்யூ இருந்தால் பெண். அறிந்துகொண்டாலும் அதனை ஒரு கிளியில் எளிதாகத் தேடிப்பார்ப்பதற்கு வழி இருக்கவில்லை. கோழிக்குஞ்சின் கழிவாயைப் பிதுக்கிப் பால் அறியும் கலையை ஜப்பானியர் 1920களில் உலகுக்குக் கற்பித்தனர். கிளிகளில் அது பலிக்கவில்லை. 1970களிலிருந்து மிருக வைத்தியர்கள் பறவையை மயக்கி, விலாவில் சிறு துளையிட்டு, குழாய்க் கருவியால் உள்ளே நோக்கிச் சூலகமா விதையா என்று பார்த்தனர். விடை நம்பகமானது. ஆனால் மயக்கத்திலிருந்து மீளாத பறவைகளும் இருந்தன.

இனி பிரேசிலுக்கு வருவோம். அந்நாட்டின் வடகிழக்கு வறள்நிலத்தில் 1819 இல் ஜேர்மானியரான ஸ்பிக்ஸ் சுட்டுச் சேகரித்த நீலநிறக் கிளியே பின்னர் அவரது பெயரால் ஸ்பிக்ஸ் மக்கோ எனப்பட்டது. பஞ்சவர்ணக்கிளியின் உறவு, எனினும் உடல் முழுவதும் நீலமும் சாம்பலும் மட்டுமே. ஆற்றோர மரங்கள் அழிக்கப்பட்டன. எஞ்சிய பறவைகளைச் செல்வந்தரின் கூண்டுகளுக்காகப் பொறிவைத்துப் பிடித்தனர். சர்வதேச வர்த்தகம் தடைசெய்யப்பட்ட பின்னரும் கடத்தல் நிற்கவில்லை. 1990 இல் ஆய்வுக்குழுவொன்று பாஹியா மாநிலத்தின் குராசா பகுதியைத் தேடியபோது காட்டில் ஒரேயொரு பறவையையே கண்டது. அதுவும் தன்னந்தனியாக இல்லை. இல்லிகர் மக்கோ எனப்படும் வேற்றினப் பறவையொன்றோடு இணைந்து திரிந்தது.

கூண்டிலிருக்கும் ஸ்பிக்ஸ் மக்கோ ஒன்றை அதற்குத் துணையாக விடலாம். ஆனால் எதை? இந்த இனத்தில் ஆணும் பெண்ணும் கண்ணுக்கு ஒன்றே. பிடித்து மயக்கிப் பார்ப்பதைக் கற்பனை செய்யவும் முடியாது. கை தவறினால் காட்டில் மிஞ்சியது பூச்சியம். எனவே அது உதிர்த்த இறகுகள் பொறுக்கியெடுக்கப்பட்டன. இறகின் தண்டு உயிரற்றது. அதன் அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் சில கலங்களில்தான் டி.என்.ஏ. கிடைக்கும், உதிர்ந்த இறகில் அதுவும் மிகச் சொற்பம். 1983 இல் கரி முல்லிஸ் கண்டறிந்த பி.சி.ஆர். முறை அந்தச் சொற்பத்தைக் கோடிக்கணக்கில் பெருக்கித் தந்தது. ரிச்சர்ட் கிரிஃபித்ஸ், பேலா திவாரி ஆகிய இரு ஆய்வாளர்கள் 1995 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் விடையை வெளியிட்டனர். அது ஆண்.

அவ்வாண்டு மார்ச் மாதம் பெண் பறவையொன்று விடுவிக்கப்பட்டது. சில வாரங்கள் காட்டில் பறந்து திரிந்தபின் அது காணாமற் போயிற்று. மின்கம்பியில் மோதி இறந்ததாகப் பின்னர் தகவல் வந்தது. ஆய்வுகூடம் தன் வேலையைப் பிழையின்றிச் செய்திருந்தது. அதற்கு முன்னரே பறவை பிடித்தவர்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டிருந்தனர் என்பதே என் எண்ணம்.

கிரிஃபித்ஸும் சகாக்களும் 1998 இல் இம்முறையை மேலும் எளிதாக்கினர். சி.எச்.டி. என்ற பரம்பரையலகு இசட்டிலும் உண்டு, டபிள்யூவிலும் உண்டு. இரண்டிலும் ஒரு பகுதியின் நீளம் வேறுபடும். அப்பகுதியைப் பெருக்கிப் பார்த்தால் ஆணுக்கு ஒரு கோடும் பெண்ணுக்கு இரண்டு கோடுகளும் தெரியும். தீக்கோழி, ஈமு போன்றவற்றில் மட்டும் இது பலிப்பதில்லை. அவற்றின் இரு நிறமூர்த்தங்களும் இன்னும் அதிகம் வேறுபடவில்லை. இன்று கிளி வளர்ப்போர் நெஞ்சிலிருந்து நாலைந்து இறகுகளைப் பிடுங்கித் தபாலில் அனுப்பி ஆய்வுகூடச் சான்றிதழ் பெறுகின்றனர். கூண்டின் தரையில் கிடக்கும் இறகை அனுப்பக்கூடாது. பக்கத்துப் பறவையின் கலங்கள் ஒட்டியிருந்தால் விடை மாறிவிடும். முன்பெல்லாம் இரண்டு பெண்களைச் சோடியென்று வாங்கி, அவை கொஞ்சிக் குலாவுவதையும் முட்டையிடுவதையும் கண்டு மகிழ்ந்து, குஞ்சு பொரிக்காத முட்டைகளோடு வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் பலர். கூண்டில் இனம் பெருகினால் காட்டில் பொறிவைப்பது குறையும் என்கிறார்கள் வியாபாரிகள். ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் அரிய பறவைக்குப் பெரும்விலை கொடுக்கும் ஆசையை எந்தச் சோதனையும் குறைத்ததாகத் தெரியவில்லை.

அந்தத் தனி ஆண் தன் வேற்றினத் துணையோடேயே காலத்தைக் கழித்தது. 2000 ஒக்டோபருக்குப் பின்னர் அதை யாரும் காணவில்லை. காட்டில் இந்த இனம் அற்றுப்போனதாக 2019 இல் அறிவிக்கப்பட்டது. கூண்டுகளில் எஞ்சியவற்றை வைத்து ஐரோப்பாவிலும் கட்டாரிலும் பிரேசிலிலும் இனப்பெருக்கம் நடந்துகொண்டிருந்தது. 2020 இல் ஜேர்மனியிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட பறவைகள் விமானத்தில் பிரேசிலுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 2022 ஜூன் மாதத்தில் அதே குராசாவில் எட்டு ஸ்பிக்ஸ் மக்கோக்கள் திறந்துவிடப்பட்டன. காட்டில் இரை தேடவும் ஆபத்தை உணரவும் வழிகாட்டுவதற்காக அவற்றோடு இல்லிகர் மக்கோக்களையும் சேர்த்தே விட்டனர்.