வாக்கில்லாதவர்களின் பேரம்: சௌமியமூர்த்தி தொண்டமானின் அரசியல்

1. ஆய்வின் பொருள்

இலங்கை அரசியலில் சௌமியமூர்த்தி தொண்டமானை (1913–1999) வகைப்படுத்துவது கடினம். தோட்ட முதலாளி வீட்டில் வளர்ந்து தோட்டத் தொழிலாளருக்குத் தலைவரானார். இந்தியாவில் பிறந்து, இலங்கை அமைச்சரவையில் 21 ஆண்டுகள் இருந்தார். தமிழர் கூட்டணியின் தலைவர்களில் ஒருவராக இருந்தும் தனிநாட்டுக் கோரிக்கையை ஏற்கவில்லை. இந்த முரண்களை அவரது சாதுரியம் என்று புகழ்வோரும் சந்தர்ப்பவாதம் என்று இகழ்வோரும் உண்டு. இரண்டுமே பாதிதான் சரி. பிரஜாவுரிமையை இழந்த ஒரு மக்கள் கூட்டம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தொழிற்சங்கத்தின் சந்தாப் பட்டியலையே தன் வாக்காளர் பட்டியலாக வைத்திருந்தது. அந்தப் பட்டியலின் பலத்தில் அரசோடு பேரம் பேசியவர் தொண்டமான். அவரது வெற்றியும் குறையும் அங்கிருந்தே வந்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. றம்பொடை

தந்தை கருப்பையா தமிழ்நாட்டிலிருந்து வறுமையில் கடல் கடந்து வந்து, கங்காணியாகி, பின்னர் றம்பொடையில் வேவண்டன் தோட்டத்துக்கே சொந்தக்காரரானவர். ஊரில் தாயிடம் வளர்ந்த மகன் 1924இல் இலங்கை வந்தார்.

1939இல் நேரு இலங்கை வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. அதன் கம்பளைக் கிளையில் தொடங்கியது தொண்டமானின் பொதுவாழ்வு. அவரது சொத்து இயக்கத்துக்கு ஒரு வகையில் உதவியது. வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் தொழிலாளி வாசலுக்கு வெளியே நின்று பேச வேண்டிய காலம் அது. அங்கே துரைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரக்கூடியவராக இருந்தார் இந்தத் தோட்ட உரிமையாளர். அவரை இடதுசாரிகள் கேலி செய்தார்கள். லயம் என்ற வரிசை வீடுகளில் வாழ்ந்த தொழிலாளர் அதைப் பொருட்படுத்தவில்லை.

3. 1948க்குப் பின்

3.1 மூன்று சட்டங்கள்

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத் தொகுதிகள் பலவற்றை வென்றது. தொண்டமான் நுவரெலியாவின் பாராளுமன்ற உறுப்பினரானார். வேறு பல தொகுதிகளிலும் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்கு உதவின. டி. எஸ். சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சி இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், 1949இன் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் என்று மூன்றும் அடுத்தடுத்து வந்தன. தேயிலை பறித்து நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டியவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். இதை எதிர்த்து 1952இல் சத்தியாக்கிரகம் நடந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் மலையகத் தொழிலாளரின் குரலாக யாரும் பாராளுமன்றம் செல்லவில்லை.

3.2 சந்தா

பாராளுமன்றக் கதவு மூடியபோது திறந்திருந்தது தொழிற்சங்கம் ஒன்றுதான். காங்கிரஸின் தொழிற்சங்கப் பிரிவு 1950இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்று பெயர் பெற்றது. இ.தொ.கா. என்ற மூன்றெழுத்து மலையகத்தில் வேரூன்றிய விதத்தைத் தோட்ட மட்டத்தில் பார்த்தால்தான் புரியும். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு தலைவர், ஒரு கமிட்டி. பெரட்டில் (காலை வேலைக் கணக்கெடுப்பில்) பெயர் விடுபட்டாலும், கொழுந்து நிறுவையில் குறைத்து எழுதி அரைப்பேர் (அரை நாள் கூலி) போட்டாலும், கூரைத் தகரம் ஒழுகினாலும், மகளின் பிறப்புப் பதிவில் சிக்கல் வந்தாலும் தொழிலாளி முதலில் போவது தோட்டத் தலைவரிடம். அவர் பிரச்சினையை ஹட்டன், நுவரெலியாக் காரியாலயங்களுக்குக் கொண்டுபோவார். சந்தா சம்பளத் துண்டிலேயே பிடிக்கப்பட்டது. வாக்குச்சீட்டு இல்லாத தொழிலாளிக்கு, யார் தன் ஆள் என்று எழுத்தில் காட்டக் கிடைத்த ஒரே தாள் அந்தத் துண்டுதான்.

பெரட்டுக்களத்தில் நிற்பவர்களில் பெரும்பாலோர் கொழுந்து பறிக்கும் பெண்கள். தோட்டத் தலைவர் பதவியிலோ பெண்ணைக் காண்பது அரிது. சந்தா பெண்களின் கூலியிலிருந்தும் போனது. 1956இல் இ.தொ.கா. தலைவர்களில் ஒருவரான ஏ. அஸீஸ் பிரிந்து வேறு சங்கம் கண்டபோதும், பின்னர் வந்த பிளவுகளிலும் இந்த அமைப்பு மாறவில்லை.

3.3 ஒக்டோபர் 30

1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் நாடற்ற 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. 1974இல் அந்த எச்சமும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. 1964இல் தொண்டமான் நியமன உறுப்பினராகப் பாராளுமன்றத்தில் இருந்தார். ஆயினும் பேச்சுமேசையில் அவரது மக்களுக்கு இடமில்லை. அவரது பேரத்தின் வரம்பு இவ்வளவு அப்பட்டமாக வெளிப்பட்ட தருணம் வேறில்லை. ஒப்பந்தத்தைத் தடுக்க அவரால் முடியவில்லை. 1965இல் டட்லி சேனநாயக்க அரசை ஆதரித்து, அது நடைமுறைக்கு வரும் விதத்தை மென்மையாக்குவதிலேயே அவர் நின்றார். இலங்கைப் பிரஜையாவோருக்குத் தனி வாக்காளர் பட்டியல் என்ற யோசனை கைவிடப்பட்டது.

அடுத்து வந்தது வடக்கின் தமிழ்த் தலைவர்களோடு உறவு. செல்வநாயகம், ஜீ. ஜீ. பொன்னம்பலம் ஆகியோருடன் தமிழர் கூட்டணித் தலைமையில் இருந்தவர், தனிநாடு கோரிய 1976 மே மாத வட்டுக்கோட்டைத் தீர்மானத்தோடு விலகி நின்றார். சிங்களக் கிராமங்களின் நடுவே சிதறிக்கிடக்கும் லயங்களுக்கு ஈழம் எப்படிப் பாதுகாப்பாகும் என்ற கேள்விக்கு அன்று யாரிடமும் பதில் இல்லை. இந்த முடிவில் அவரைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

4. அமைச்சரவைக்குள்

1977இல் மூன்று உறுப்பினர் கொண்ட நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் காமினி திசாநாயக்க, அநுர பண்டாரநாயக்க ஆகியோருக்கு அடுத்து மூன்றாமவராகத் தொண்டமான் தெரிவானார். 1978இல் ஜே. ஆர். ஜயவர்தனவின் அரசில் கிராமியக் கைத்தொழில் அமைச்சரானார். சின்ன அமைச்சுதான். ஆனால் அமைச்சரவையில் உட்கார்ந்தபடியே வேலைநிறுத்தத்தை அறிவிக்கக்கூடிய ஒருவர் அங்கே வேறு இல்லை. 1984 வேலைநிறுத்தம் சம்பள உயர்வோடு, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்கூலியையும் பெற்றுத் தந்தது.

1986 ஜனவரியில் நடந்தது இன்னும் நுட்பமானது. தைப்பொங்கலை ஒட்டிப் பிரார்த்தனை இயக்கம் என்று அழைப்பு விடுத்தார்: தொழிலாளர் காலையில் மலைக்கு ஏறாமல் கோயிலில் கூடுவார்கள். வேலைநிறுத்தம் என்று இதற்குப் பெயர் சூட்ட முடியாது. கொழுந்தோ பறிக்க ஆளின்றி முற்றும். கோரிக்கை, எஞ்சிய நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை. இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள் 5,06,000 பேரே. ஒப்பந்தங்களின்படி இந்தியா ஏற்க வேண்டிய 6,00,000இல் குறைந்த 94,000 பேர் நாடற்றவர்களாகவே கிடந்தார்கள். அவர்களுக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை வழங்க அரசு இணங்கியது. அதே ஆண்டு சட்டமும் வந்தது. துப்பாக்கிகள் வடக்கில் பேசிக்கொண்டிருந்த காலத்தில் இது நடந்தது என்பதை மறக்கக் கூடாது.

1983 ஜூலைக் கலவரத்தில் மலையகத் தமிழரும் தாக்கப்பட்டபோது அவர் அமைச்சர் பதவியைத் துறக்கவில்லை. ஏன் துறக்கவில்லை என்ற கேள்வி இன்றும் அவரைத் தொடர்கிறது. வெளியேறியிருந்தால் 1986 கிடைத்திருக்காது என்பது ஆதரவாளர் வாதம்; எனக்கு அது பெரும்பாலும் சரியாகவே படுகிறது.

5. பேரத்தின் எல்லை

பிரேமதாச, விஜேதுங்க, சந்திரிகா என ஆட்சிகள் மாறியும் தொண்டமான் அமைச்சராகவே நீடித்து, 1999 ஒக்டோபர் 30இல், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் 35ஆவது ஆண்டு நாளில் காலமானார். 2003இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டமும் அதே 1964 ஒக்டோபர் 30ஐயே வதிவிட எல்லை நாளாக வைத்து, எஞ்சியிருந்த நாடற்றவர்களைப் பிரஜைகளாக்கியது.

வாக்கு திரும்பி வந்தபின் பழைய முறை மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. ஒருவர் கொழும்பில் பேசுவார், மற்றவர்கள் தோட்டத்தில் காத்திருப்பார்கள் என்ற வழக்கமே கட்சியாகவும் தொடர்ந்தது. தலைமை பேரன் ஆறுமுகன் தொண்டமானுக்கும், 2020இல் அவர் மறைந்தபின் அவர் மகன் ஜீவனுக்கும் சென்றது. இந்த வழக்கத்துக்கு எதிராகவே 1989இல் தலவாக்கலைப் பக்கமிருந்து பெ. சந்திரசேகரனின் மலையக மக்கள் முன்னணி எழுந்தது. 2015 தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தில், அந்த முன்னணியும் சேர்ந்திருந்த தமிழ் முற்போக்குக் கூட்டணி மூன்று இடங்களைப் பிடித்து, இ.தொ.கா.வை இரண்டோடு நிறுத்தியது.

அவர் பேரம் பேசிப் பெற்றவற்றில் பிரஜாவுரிமை உண்டு, கூலி உண்டு, தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் நியமனங்கள் உண்டு. காணி இல்லை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு மாறியபோதும், லயம் நிற்கும் நிலம் அதில் குடியிருப்பவருக்கு எழுதப்படவில்லை. ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் என்ற பேச்சு 2015க்குப் பிறகே அரசின் திட்டமாகி உருப்பெறத் தொடங்கியது.