கைப்பெட்டியோடு காணாமல் போன நோட்டு

1902 நவம்பர் 23. கல்கத்தா ஜோராசாங்கோ வீட்டில் மிருணாளினி தேவி கண்மூடினார். ஐந்து பிள்ளைகளைக் கணவர் ரவீந்திரநாத் தாகூரிடம் விட்டுச் சென்றபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மறு ஆண்டே மகள் ரேணுகாவைக் காசநோய் கொண்டுபோனது. 1905-இல் தந்தை தேவேந்திரநாத்தும் மறைந்தார். சாவு அதோடு நிற்கவில்லை.

1907-இல் கடைக்குட்டி சமீந்திரநாத் விடுமுறைக்கு நண்பன் வீட்டுக்கு, முங்கேருக்குப் போனான். அங்கே காலரா கண்டது. தகப்பன் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தும் பிள்ளை பிழைக்கவில்லை. அன்றைக்கும் நவம்பர் 23. தாய் போன அதே தேதி.

தாகூர் சாந்திநிகேதன் திரும்பித் தாம் நடத்திய பள்ளியின் வேலையைப் பார்த்தார், பாட்டும் எழுதினார். 1910-இல் 157 பாடல்கள் வங்காளியில் நூலாக வந்தன. 1912 மார்ச்சில் இங்கிலாந்துப் பயணம் முடிவானது. சாமான்கள் கப்பலேறிவிட்டன. புறப்படும் வேளையில் தாகூர் நோயில் விழுந்தார். கப்பல் அவரில்லாமலே போயிற்று.

ஓய்வெடுக்க பத்மா நதிக்கரையின் ஷிலைதாவுக்குப் போனார். புதிதாக எழுதத் தெம்பில்லை. பழைய பாடல்களை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்து, ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். மே மாதம் பம்பாயில் கப்பலேறியபோது அந்த நோட்டும் கூடவே போனது. லண்டனில் அதை வைத்திருந்த கைப்பெட்டி மகன் ரதீந்திரநாத் பொறுப்பில் இருந்தது. மறுநாள் ஓவியர் ரோதன்ஸ்டைனிடம் காட்டத் தேடினால், பெட்டியைக் காணோம்!

சுரங்க ரயிலிலேயே விட்டு இறங்கியிருந்தார் மகன். நெஞ்சு படபடக்கத் தொலைந்த பொருள்களுக்கான அலுவலகத்துக்கு ஓடினார். பெட்டி அங்கே பத்திரமாக இருந்தது.

ரோதன்ஸ்டைன் படித்துவிட்டுக் கவிஞர் யேட்ஸிடம் கொடுத்தார். யேட்ஸ் முன்னுரை எழுதினார். அந்த நவம்பரில் லண்டன் இந்தியா சொசைட்டி 750 பிரதிகள் அச்சிட்டது. அடுத்த நவம்பரில் ஆசியாவின் முதல் நோபல் பரிசு அதன் ஆசிரியருக்குக் கிடைத்தது. அந்த நூல்தான் ஆங்கில ‘கீதாஞ்சலி’.

துக்கம்தான் தாகூரைக் கவிஞராக்கியது என்பது சரியல்ல. 1882-இல் ‘சந்தியா சங்கீத்’ வந்தபோது அவருக்குத் திருமணமே ஆகவில்லை; அதைப் பாராட்டி நாவலாசிரியர் பங்கிம் சந்திரர் தமக்கு அணிவிக்க வந்த மாலையை வாங்கி அந்த இளைஞருக்கு அணிவித்தார். கவிதை முன்பே அவரிடம் இருந்தது. அடுத்தடுத்த சாவுகளாலும் அதை அணைக்க முடியவில்லை.