நடக்கும் மணல்: நமது கரையின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

"உலகின் இயற்கை அதிசயங்கள்" என்று கட்டுரை எழுதச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் நயாகரா நீர்வீழ்ச்சி, எவரெஸ்ட் சிகரம், அமேசன் காடு என்று அழகாக எழுதுவார்கள். அதில் பிழையில்லை. ஆனால் நிந்தவூரில் இருந்தோ சாய்ந்தமருதில் இருந்தோ எழுதுகிற ஒரு பிள்ளைகூடத் தன் காலடியில் கிடக்கும் மணலைப் பற்றி எழுதியதை நான் இன்னும் காணவில்லை. அந்த மணலுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அது கிடந்த இடத்தில் கிடப்பதுமில்லை, நடந்துகொண்டே இருக்கிறது.

முதலில், அது எங்கிருந்து வந்தது? நமது கிழக்குச் சமவெளியின் அடியில் இருக்கும் பாறையை புவியியலாளர்கள் விஜயன் தொகுதி என்பார்கள். வயது ஏறத்தாழ 100 கோடி வருஷம். அம்பாறைக்குப் போகிற வழியில் வயலுக்கு நடுவே திடீரென்று எழும்பி நிற்கும் குன்றுகளைப் பார்த்திருப்பீர்கள். புத்தங்கல, ராஜகல, அதற்கப்பால் கோவிந்த ஹெல எல்லாம், சுற்றியிருந்தவை கரைந்துபோன பிறகு மிஞ்சி நிற்பவை. கரைந்தது எங்கே போனது? மழையும் வெயிலும் பாறையை உடைத்தன, ஆறுகள் அள்ளிக்கொண்டு வந்தன. பாறையில் இருந்த ஒரு பகுதி களியாக மாறித் தாழ்நிலத்தில் படிந்தது. அதுதான் நமது வயல். கரையாத குவார்ட்ஸ் பரல்கள் கடல்வரை உருண்டு வந்தன. அதுதான் நமது கடற்கரை. போடியார் வீட்டு நெல்லும் கரைவலைக்காரரின் வாடி நிற்கிற மணலும் ஒரே பாறையின் பிள்ளைகள் என்று சொல்லலாம்.

ஏறத்தாழ 20,000 வருஷத்துக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், உலகத்தின் தண்ணீரில் பெரும் பங்கு பனிக்கட்டியாகக் கிடந்தது. கடல் மட்டம் இன்றைக்கிருப்பதைவிட 120 மீற்றரளவு தாழ்ந்திருந்தது. இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலம். பிறகு பனி உருகக் கடல் ஏறியது. சுமார் 6,000 வருஷத்துக்கு முன் அது இன்றைய மட்டத்தையும் சிறிது தாண்டியே நின்றது. தென்கரையில் ஹுங்கம, கலமெட்டிய பக்கம் நிலத்துக்குள்ளே இருக்கும் சிப்பிப் படுகைகள் அதற்குச் சாட்சி. கடல் தாழ்ந்த இடங்களுக்குள் நுழைந்து குடாக்களை உண்டாக்கியது. அந்தக் குடாக்களின் வாய்க்குக் குறுக்கே ஆறும் அலையும் சேர்ந்து மணல் திட்டுகளைப் போட்டன. திட்டுக்கு உள்ளே அகப்பட்ட தண்ணீர் களப்பானது. மட்டக்களப்பு வாவி அப்படிப்பட்டதுதான். ஏறாவூர்ப் பக்கத்தில் இருந்து 50 கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு, அதன் தெற்கு வால் நமது கிட்டங்கிப் பாலத்தடிக்கு வருகிறது. மாரியில் கிட்டங்கி மூடுண்டு வயலுக்கும் வேலைக்கும் போகிறவர்கள் இந்தக் கரையில் நிற்பதைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்: பழைய குடா தன் இடத்தைத் தேடி வந்திருக்கிறது.

பின்னால் களப்பும் வயலும், முன்னால் கடல், நடுவில் ஒரு மணல் கீற்று. கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை பல ஊர்கள் அந்தக் கீற்றில்தான் நெருக்கியடித்துக்கொண்டு குடியிருக்கின்றன.

இதற்கு ஆவணம் வேண்டுமென்றால் ஊர்ப் பெயர்களைக் கேளுங்கள். கல்முனை, மருதமுனை, நற்பிட்டிமுனை, பாலமுனை. இவ்வளவு முனைகள் ஏன்? முனை என்பது தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம். அந்தத் தண்ணீர் கடலாக மட்டும் இருக்க வேண்டியதில்லை, மேற்கே களப்பாகவும் இருக்கலாம். பிட்டி என்றால் மேட்டுத் திடல். சுற்றிலும் தாழ்வு இருந்தால்தான் ஒரு மேட்டுக்குப் பெயர் வைப்பார்கள். காரைதீவைப் பாருங்கள், இன்று அங்கே பஸ்ஸில் போய் இறங்குகிறோம், பெயரோ தீவு. அக்கரைப்பற்று என்றால் அந்தக் கரைப் பற்று. தண்ணீருக்கு இந்தப் பக்கம் நின்ற ஒருவர் வைத்த பெயர் அது. ஒலுவில், பொத்துவில், தம்பிலுவில், கோளாவில் எல்லாவற்றிலும் வில் இருக்கிறது. வில் என்பது நீர்நிலை. சிங்களத்தில் ஓலு என்றால் அல்லிப்பூ, வில என்றால் குளம். அப்படிப் பார்த்தால் ஒலுவில் ஓர் அல்லிக்குளம். சம்மாந்துறை கதையை அந்த ஊரார் நன்றாகவே சொல்வார்கள்: சம்மான் என்ற ஓடங்கள் வந்து கட்டிய துறை என்று. இன்றைக்கு சம்மாந்துறையில் இருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் காரைதீவுக்கு வர வேண்டும். ஆனால் துறை என்ற சொல் போகவில்லை. சாய்ந்தமருதில் இருக்கும் தோணாவை இன்று பலர் குப்பை கொட்டும் இடமாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். வயல் பக்கத்து வெள்ளம் கடலுக்குப் போகிற இயற்கையான வாய் அது. (தோணாவில் குப்பை போடுகிறவர் யாராவது இதை வாசித்துக்கொண்டிருந்தால், உங்கள் வீட்டுக்குள் மாரியில் தண்ணீர் வருவதற்கு மாநகர சபையை மட்டும் ஏசாதீர்கள்.)

இனி மணல் நடக்கிற விதம். அலை கரைக்கு நேராக வருவதில்லை, கொஞ்சம் சரிந்து வரும். வரும்போது மணலைச் சரிவாக மேலே தள்ளும், திரும்பும்போது நேராகக் கீழே இழுக்கும். ஒவ்வொரு அலைக்கும் ஒரு பரல் ஒரு சிறிய எட்டு வைக்கும். சோளகக் காலத்தில், பல்லாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் தென் சமுத்திரப் புயல்களில் பிறந்த பெரும் அலைகள் தெற்கே இருந்து நமது கரைக்கு வந்து சேர்கின்றன. ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை வெள்ளைக்காரர்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு அறுகம்பைக்கு வருவது இந்த அலைகளுக்காகத்தான். அதே அலைதான் மணலை வடக்கே நடத்துகிறது. மாரியில் வாடைக் காற்று கொஞ்சத்தைத் தெற்கே திருப்பி அனுப்பும். ஆனால் வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் வடக்கே போனதுதான் கூட. ஒலுவில் மணல் நிந்தவூருக்கு, நிந்தவூர் மணல் காரைதீவுக்கு, அங்கிருந்து மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனைக்குடி, மருதமுனை என்று போய்க்கொண்டே இருக்கும். போனதற்குப் பதிலாகத் தெற்கில் இருந்து புதிது வரும். கரை அதே இடத்தில் இருப்பதுபோல் நமக்குத் தெரிவது அதனால்தான்.

இந்த நடைக்கு மணல் தரும் பெரிய கை பட்டிப்பளை ஆறு, அதாவது கல்லோயா. பதுளைக்குக் கிழக்கே உற்பத்தியாகி 100 கிலோமீற்றருக்கு மேல் ஓடிவருகிறது. களியோடைப் பாலத்தில் நாம் தினமும் கடப்பது அதன் தண்ணீர் வடிகிற வழி. 1949இல் டி. எஸ். சேனாநாயக்க அரசு கல்லோயா அபிவிருத்திச் சபையை அமைத்தது. இங்கினியாகலையில் அமெரிக்காவின் மொரிசன்-நுட்சன் கம்பனி அணையைக் கட்டியது, 1951இல் முடிந்தது. 770,000 ஏக்கர் அடி தண்ணீர் கொள்ளும் சேனாநாயக்க சமுத்திரம் அது. யானைகள் அங்கே தீவுக்குத் தீவு நீந்திப் போவதைப் பார்க்க இன்று உலகத்தில் இருந்து ஆட்கள் வருகிறார்கள். அந்த அணையால் வந்த குடியேற்றங்களும் அதன் அரசியலும் வேறொரு பெரிய கதை, இங்கே தொடவில்லை. சிறுபோகத்துக்குத் தண்ணீர் கிடைத்ததை நமது விவசாயிகள் மறுக்கமாட்டார்கள். ஆனால் அணை தண்ணீரை மட்டும் மறிப்பதில்லை. மலையில் இருந்து வந்த மணல் அன்றிலிருந்து சமுத்திரத்தின் அடியில் தங்குகிறது. மிஸ்ரில் 1970இல் அஸ்வான் பேரணை முடிந்தபின் நைல் நதி கடலுக்குக் கொண்டுபோன வண்டல் நின்றுபோனது. நதி முகத்தில் இருக்கும் ரஷீத் பக்கம் கடல் நிலத்தை வேகமாகத் தின்றது. அதை உலகமே பார்த்தது.

2004 டிசம்பர் 26ஐப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போயா தினம், ஞாயிற்றுக்கிழமை. சுமத்திராவுக்கு அருகே நிலம் அசைந்து இரண்டு மணித்தியாலம் கழியும் முன்பே நமது கரைக்கு வந்துவிட்டது. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. இந்தக் கட்டுரைக்கு அதில் இருந்து ஒரு விஷயம் மட்டும் வேண்டும். பிறகு ஆய்வுக்கு வந்த விஞ்ஞானிகள் யால பக்கம் ஒன்றைக் கவனித்தார்கள். உயரமான மணல் மேடு இருந்த இடத்தில் அலையின் வேகம் அடங்கியிருந்தது. கடல் நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஒரு ஹோட்டலின் முன்னால் மேட்டை வெட்டிக் குறைத்திருந்தார்கள், அங்கே எதுவும் மிஞ்சவில்லை. மணல் நமக்கு அழகு மட்டும் தரவில்லை, காவலும் அதுதான்.

அதற்கு நான்கு வருஷம் கழித்து, 2008இல், ஒலுவிலில் துறைமுக வேலை தொடங்கியது. மர்ஹூம் அஷ்ரஃப் அவர்கள் துறைமுக அமைச்சராக இருந்த காலத்தில் கண்ட கனவு அது. கனவில் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. நமது மீனவர்கள் பெரிய படகு வைக்க ஓர் இடமில்லாமல் வாழைச்சேனைக்கும் திருகோணமலைக்கும் அலைந்தது உண்மை. டென்மார்க் கடனுதவியில் கட்டி 2013இல் திறந்தார்கள். கடலுக்குள் இரண்டு கல் அணைகள் நீட்டப்பட்டன. நடந்துவந்த மணல் தெற்கு அணையில் முட்டி நின்றது. தெற்கே கரை அகன்றது, துறைமுக வாயை மணல் அடைத்தது, படகுகள் உள்ளே வரமுடியாமல் போனது. வடக்கே மணல் வரவு நின்றுவிட்டது, ஆனால் அலை தன் வேலையை நிறுத்தவில்லை. ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னைகள் வேரோடு சரிந்தன, காணிகள் கடலானது.

இதில் எனக்குப் பெரிய கவலை என்னவென்றால், இது தெரியாத விஷயமே இல்லை. சென்னையில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டியபோது இதுதான் நடந்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது, வடக்கே இராயபுரத்தைக் கடல் அரித்தது. சுற்றுலா போகிறவர்கள் மெரினாவில் நின்று படம் எடுக்கிறார்கள். அந்த மணல் இராயபுரத்துக்குப் போயிருக்க வேண்டியது. புதுச்சேரியில் 1980களின் கடைசியில் துறைமுக அணை வந்தது, நகரத்தின் கடற்கரையே காணாமற் போனது. இவ்வளவும் நமக்கு எதிர்க்கரையில், நம் மொழி பேசும் மக்களின் ஊர்களில் நடந்தவை. மணலைப் பம்பு வைத்து அணைக்கு இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் மாற்றுவதை ஒவ்வொரு வருஷமும் செய்தால் பாதிப்பைக் குறைக்கலாம் என்பதும் எப்போதோ தெரிந்ததுதான். அதற்குத் தொடர்ந்து செலவு செய்ய வேண்டும். திறப்பு விழாவில் அந்தச் செலவை யாரும் பேசமாட்டார்கள்.

இப்போது ஒவ்வொரு ஊரும் கல் கேட்கிறது. மாளிகைக்காட்டு மையவாடி மதிலைக் கடல் அரித்த படங்களைப் பார்த்த எவருக்கும் அந்தக் கோரிக்கை நியாயமாகத்தான் படும். நமது மூத்தவாப்பாமார் கிடக்கிற மண் அது. ஆனால் ஓர் ஊரில் கல் போட்டால் அங்கிருந்து வடக்கே போக வேண்டிய மணலும் நிற்கும், அடுத்த ஊரில் அரிப்பு தொடங்கும், பிறகு அவர்களும் கல் கேட்பார்கள். பிரதேச சபை எல்லையெல்லாம் மணலுக்குத் தெரியாது. நிந்தவூரும் காரைதீவும் கல்முனையும் தனித்தனியாகக் கொழும்புக்குக் கடிதம் எழுதுவதை விட்டுவிட்டு ஒரே மேசையில் இருந்து பேச வேண்டிய விஷயம் இது. தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்ற பேச்சுக்கும் இதில் இடமில்லை.

பாடசாலையில் தரம் 9 பிள்ளைகளோடு ஒரு சிறிய வேலை தொடங்கியிருக்கிறோம். கரையில் அசையாத ஓர் இடத்தில் இருந்து தண்ணீர் வரை மாதம் ஒரு தடவை நாடாப் பிடித்து அளந்து கொப்பியில் எழுதுகிறோம். இன்றைய அளவு கையில் இருக்கிறது, பழைய அளவு வேண்டும். கடற்கரைப் பக்கம் காணி உள்ளவர்கள், பெட்டிக்குள் இருக்கும் பழைய காணி உறுதியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். "கிழக்கு: கடல்" என்று எல்லை போட்டு, மேற்கில் இருந்து எத்தனை முழம், எத்தனை அடி என்று எழுதியிருக்கும். வருஷத்தையும் அந்த அளவையும் மட்டும் ஒரு துண்டில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்புங்கள். உறுதியின் படம் வேண்டாம், பெயரும் வேண்டாம். கரைவலை இழுத்த பெரியவர்கள் இருந்தால், வாடி எந்த இடத்தில் இருந்தது, அங்கிருந்து தோணி தள்ள எவ்வளவு தூரம் என்று கேட்டு எழுதி அனுப்பினாலும் போதும்.