ஊர்த்தெருவும் பைலட் ஜெட்டும்

பட்டாளத்திலிருந்து திரும்பிய எங்கள் பெரியப்பா 1990-இல் செகண்ட் ஹேண்டில் ஒரு இண்ட்-சுசுகி வாங்கினார். எங்கள் சேரிக்கு வந்த முதல் மோட்டார் சைக்கிள் அது. வாங்கின மறுவாரமே, திருவண்ணாமலையில் நான் வேலை செய்துகொண்டிருந்த ஒர்க் ஷாப்புக்கு அதை ஓட்டிக்கொண்டு வந்தார். "இன்னா பெரிப்பா, வண்டி மக்கர் பண்ணுதா?" என்றேன். "அதெல்லாம் இல்லடா. நல்லாத்தான் ஓடுது. முறுக்காமப் போனாலும் அணையக் கூடாது. சத்தமும் வரக் கூடாது. அப்பிடி வச்சிக் குடு" என்றார். முதலாளி பாய்க்கு விளங்கவில்லை. ரோட்டில் ஓட்டுகிற வண்டிக்கு இது என்ன கோரிக்கை என்று பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது.

சேரியிலிருந்து பஸ் ரோட்டுக்குப் போக எங்களுக்கு ஊர்த்தெருவைத் தவிர வேறு வழி கிடையாது. என் அப்பா காலத்தில் சைக்கிளை அந்தத் தெருவில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகணும். எங்கள் காலத்தில் ஏறிப் போகலாம் என்று ஆனது. யாரும் சட்டம் போட்டு அனுமதித்ததல்ல, பையன்கள் இறங்காமல் போய்ப் போய் அப்படி ஆனது. மோட்டார் வண்டி வந்ததும் பழைய கதை திரும்பியது. எஞ்சின் ஒழுங்காக நிற்காத வண்டியை அணையாமல் வைக்கணும் என்றால் ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருக்கணும். முறுக்கினால் சத்தம் வரும். சத்தம் வந்தால் திண்ணையிலிருந்து குரல் வரும்: "எவன்டா அவன், இந்தத் தெருவுல வந்து ரேஸ் குடுக்கிறவன்?" எல்லையில் துப்பாக்கி பிடித்து நின்ற மனுசர், சொந்த ஊரில் தன் வண்டியின் சத்தத்துக்குப் பயந்தார். அந்தப் பயத்தைத்தான் என் கையில் கொடுத்துச் சரி பண்ணச் சொன்னார்.

கார்புரேட்டரில் இதற்கு ஒரு பாகம் இருக்கிறது. பைலட் ஜெட். அதைப் பற்றி நம் பத்திரிகைகளில் யாரும் எழுதிப் பார்த்ததில்லை. எழுதுகிறவர்கள் வண்டி ஓட்டுகிறார்கள், கழற்றுவதில்லை.

ஜெட் என்பது பித்தளையில் கடைந்த ஒரு சின்னத் திருகு. நடுவில் ஓட்டை. கார்புரேட்டரின் கழுத்து குறுகலாக இருக்கும். குறுகலில் காற்று வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கீழே கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் ஜெட் வழியாக ஏறி, காற்றோடு தூவலாகக் கலக்கிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுசாக எரிய, எடைக் கணக்கில் பதினாலே முக்கால் பங்கு காற்று வேணும். பெட்ரோல் கூடினால் புகை அடிக்கும், பிளக் கரி பிடிக்கும். குறைந்தால் எஞ்சின் கொதிக்கும். டூ-ஸ்ட்ரோக் வண்டியில் உயவு எண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்தே உள்ளே போவதால், பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். முழுசாக முறுக்கும்போது மெயின் ஜெட் பேசும். பாதி முறுக்கலில் ஸ்லைடில் தொங்கும் ஊசி பேசும். கையை விட்டுவிட்டு வண்டி தானாக நிற்கும்போது பைலட் ஜெட்டும், பக்கத்தில் இருக்கும் ஏர் ஸ்குரூவும்தான். ஊர்த்தெருவைத் தாண்ட மெயின் ஜெட் உதவாது.

இந்தத் தூவல் ஜெட் பிறந்தது 1893-இல். அந்த வருசம் ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்ற இருவர் காப்புரிமை எடுத்தார்கள். சில மாதத்தில் ஜெர்மனியில் மேபாக்கும் எடுத்தார். பாங்கிக்கு இது எப்படித் தோன்றியது என்று ஒரு கதை வழங்குகிறது. தெருவில் பூ விற்கிற ஒரு பெண், குழாயை வாயில் வைத்து ஊதிப் பூவின் மேல் தண்ணீர் தெளித்ததைப் பார்த்தாராம். உண்மையோ பொய்யோ, கதையில் பாங்கிக்குப் பேர் இருக்கிறது, பூக்காரிக்குப் பேர் இல்லை. ராஜகோபுரத்து எதிரில் கூடையை வைத்துக்கொண்டு தண்ணீர் தெளிக்கிற நம்ம பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பேரில்லாதவள் ஞாபகம் வரும்.

அதே 1893-இல்தான் திருவிதாங்கூரில் வெங்ஙானூர் அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கி, புலையர் நடக்கவே கூடாத பொதுச்சாலையில் ஏறி உட்கார்ந்து ஓட்டினார். மறித்தவர்களை எதிர்த்து நின்றார். ஒரே வருசத்தில் அங்கே எஞ்சினுக்கு மூச்சு கிடைத்தது, இங்கே தெருவில் ஒரு சக்கரம் உருண்டது. மோட்டார் சரித்திரம் எழுதுகிறவர்கள் முதலாவதை மட்டும்தான் எழுதுகிறார்கள். நமக்கு இரண்டும் ஒரே சரித்திரம். 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுத்தெரு, பொதுக்கிணறு எல்லாருக்கும் பொது என்று. தீர்மானம் நிறைவேறியது. அது நிறைவேறி அறுபத்தாறு வருசம் கழித்துத்தான் பெரியப்பா என்னிடம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி வந்து நின்றார்.

சேரிக்கு மோட்டார் வந்த கதையும் நீளமானது இல்லை. சென்னையில் புல்லட் 1955-லிருந்தே உருவாகிறது. அது பண்ணையாருக்கும் போலீசுக்கும். 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தபோதுதான் பால்காரரும் ஜவுளி மூட்டைக்காரரும் வண்டி ஏறினார்கள். 1984-இல் இண்ட்-சுசுகி, 1985-இல் ஹீரோ ஹோண்டாவும் யமஹா ஆர்.எக்ஸ். 100-உம். இவை கைமாறிக் கைமாறி, மூணாவது நாலாவது ஆளாக நம்மிடம் வந்தன. அதனால்தான் நமக்கு மெக்கானிக் வேணும். புது வண்டிக்காரனுக்கு ஷோரூம் போதும்.

நான் 1986-இல், பதிமூணு வயசில் கடைக்குப் போனேன். நெசவு, தச்சு, கொல்லு என்று எல்லாத் தொழிலுக்கும் ஒரு சாதி உட்கார்ந்திருக்கிறது. ஜெட் கழற்றுகிற தொழிலுக்கு எந்தப் புராணத்திலும் இடம் ஒதுக்கவில்லை. அதனால் பாய் கடையில் நானும் இருந்தேன், வன்னியப் பையனும் இருந்தான். கையெல்லாம் ஒரே கிரீஸ். ஆனால் டீ வரும்போது எனக்கு மட்டும் விளிம்பு உடைந்த கிளாஸ் வரும். எல்லாருக்கும் ஒரே மாதிரி கிளாஸ் தராத கடையில் டீ சொல்லாதே என்று பாய் ஒருநாள் நிறுத்தினார். பெரிதாக எதுவும் பேசவில்லை, டீக்கடையை மாற்றினார், அவ்வளவுதான்.

முதல் வருசம் முழுக்க ஜெட்டை ஊதுவதுதான் வேலை. ஓட்டையில் அழுக்கு அடைத்திருக்கும், வாயில் வைத்து ஊதணும். பெட்ரோல் நாக்கில் எரியும். நாடு முழுக்க ஈயமில்லா பெட்ரோல் 2000 பிப்ரவரியில்தான் வந்தது. அதுவரைக்கும் நாங்கள் உறிஞ்சியது எதுவென்று யாரும் கணக்கு எடுக்கவில்லை. ஸ்டவ் பின்னால் குத்தினால் பாய் அடிப்பார். "ஓட்டையோட அளவுதான்டா வண்டி. பின்னைப் போட்டுப் பெருசாக்கிட்டா அப்பால எந்த நம்பர் இருந்து இன்னா பிரயோசனம்?" ஜெட்டின் மேல் எண் பொறித்திருக்கும். சில கம்பெனியில் எண் 80 என்றால் ஓட்டை 0.80 மில்லிமீட்டர். ஒரு தலைமுடி கனத்துக்குள்தான் எல்லா வித்தியாசமும்.

ட்யூனிங் இரண்டாம் வருசம். எஞ்சினைச் சூடாக்கு. ஐடிலிங் ஸ்குரூவை வைத்துச் சத்தத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொள். ஏர் ஸ்குரூவை முழுசாக உள்ளே முடுக்கி, ஒன்றரைச் சுற்று வெளியே எடு. அங்கிருந்து கால் கால் சுற்றாகத் திருப்பு. எஞ்சின் தானாக வேகமெடுக்கிற ஓர் இடம் வரும். அங்கே நிறுத்தி, ஐடிலிங்கை இறக்கு. ஒரு முறுக்கு முறுக்கி விடு. சத்தம் உடனே இறங்கினால் சரி. மேலேயே தொங்கிக்கொண்டு மெதுவாக இறங்கினால் பெட்ரோல் பத்தவில்லை. குமுறிக்கொண்டு இறங்கினால் ஓவர். பிறகு பிளக்கைக் கழற்றிப் பார். வெள்ளையும் கூடாது, கருப்பும் கூடாது, காப்பிப்பொடி நிறம் வரணும்.

இதெல்லாம் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. அப்போது வாடிக்கைக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பறையடிக்கிற வம்சமில்ல, காது அப்பிடித்தான் இருக்கும்." பாராட்டாம். எங்கள் தாத்தா பறை காய்ச்சியவர்தான். தீயில் வாட்டித் தட்டித் தட்டிப் பார்த்து அவர் சுதி சேர்த்ததைச் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். அது பெரிய வித்தை. ஆனால் என் காது தாத்தாவிடமிருந்து வந்ததல்ல. ரெண்டு வருசம் பாயிடம் அடி வாங்கி, நூறு வண்டி கேட்டு வந்தது. பக்கத்தில் இருந்த வன்னியப் பையனுக்கும் அதே காது வந்தது, அவனை யாரும் வம்சம் கேட்கவில்லை. நாம் கற்றதை ரத்தம் என்பார்கள், அவர்கள் கற்றதைத் திறமை என்பார்கள். இன்றைக்கு நம் தோழர்கள் சிலரே 'நம் மரபில் ஊறியது' என்று மேடையில் பேசும்போது எனக்குக் கூசுகிறது.

வண்டிக்கு வம்சம் தெரியாது, இடம் தெரியும். போளூர் தாண்டி ஜமுனாமரத்தூர் மலையிலிருந்து வரும் வண்டிகளில் பிளக் கருத்திருக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைகிறது, ஜெட் பழைய அளவிலேயே பெட்ரோல் விடுகிறது. ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாட்டி, ஊசியை இறக்கிக் கொடுப்போம். தொண்ணூறுகளில் பௌர்ணமிக் கூட்டம் பெருகியதும், மறுநாள் கடை வாசலில் வண்டிகள் நிற்கும். கிரிவலப் பாதை பதினாலு கிலோமீட்டர், கூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்து கரி பிடித்த பிளக்குகள். அண்ணாமலையார் எங்களுக்கு அளந்தது அதுதான்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தது. புது வண்டிகளில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது. காற்றுக்கு நல்லதுதான், நான் மறுக்கவில்லை. அந்தப் புகையை முதலில் தின்றவன் நான். ஆனால் ஜெட் ஒரு ஸ்குரூ டிரைவர் இருந்தால் எவனுக்கும் திறந்தது. இன்ஜெக்‌ஷனுக்கு ஸ்கேனர் வேணும், கம்பெனிப் பயிற்சி வேணும். பதிமூணு வயசில் எவனும் கடைக்குப் போக வேண்டாம், பள்ளிக்கூடம் போகட்டும். ஐ.டி.ஐ. முடித்து வருகிற நம் பிள்ளைகளுக்காவது அந்த ஸ்கேனர் கைக்கு எட்டுகிறதா என்றுதான் கேட்கிறேன். இப்போது பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலில் ஆக்சிஜன் இருக்கிறது, அதனால் பழைய ஜெட் போதவில்லை, கலவை வறண்டுபோகிறது. பழைய வண்டி வைத்திருக்கிற ஏழைகள் ஒரு நம்பர் பெரிய ஜெட் கேட்டு இன்னும் என்னிடம் வருகிறார்கள்.

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதற்காக வெட்டினார்கள் என்று குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள், வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. செய்தி வந்த அடுத்த வாரம், எங்கள் பக்கத்து ஊர் சேரியிலிருந்து ஒருவர் மகனுடைய பழைய கார்புரேட்டர் புல்லட்டை ஓட்டி வந்தார். என்னைவிடச் சின்னவர். கொஞ்ச நேரம் சும்மா நின்றார். "அண்ணே, பையன் கேக்க மாட்டேங்கறான். நீங்களே ஐடிலிங்க கொஞ்சம் கொறச்சி, சத்தம் வெளிய வராத மாதிரி..."

பெரியப்பாவுக்கு அன்றைக்கு அவர் கேட்டபடியே வைத்துக் கொடுத்தேன். அது இத்தனை வருசமாக என் நெஞ்சில் இருக்கிறது. இந்த புல்லட்டில் ஜெட்டைக் கழற்றி ஊதி மாட்டினேன். எஞ்சினைச் சூடாக்கி, ஏர் ஸ்குரூவைத் திருப்பி, கம்பெனி சொன்ன ஐடிலிங் எதுவோ அதிலேயே வைத்தேன். கொறச்சீங்களா என்று கேட்டார். சரியா வச்சிருக்கேன் என்று சொல்லி, அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டேன்.