முடிச்சாயத் தாள் வழங்கி

முடிச்சாயத் தாள் வழங்கி என்பது, தலைமுடிக்கு நிறமேற்றும்போது பயன்படும் அலுமினியத் தாள்களை ஒரே அளவில், ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் சலூன் கருவியாகும். இத்தாளைச் சென்னை சலூன்களிலும் அழகு நிலையங்களிலும் ‘ஃபாயில்’ என்றே அழைக்கின்றனர். கருவி சிறியது, விலையும் அதிகமில்லை. ஆயினும் அதன் பின்னால் அலுமினிய உலோகத்தின் வரலாறு, சாய வேதியியலின் வரலாறு, முடிதிருத்தும் தொழிலாளரின் வரலாறு ஆகிய மூன்றும் இருக்கின்றன. இவற்றில் அலுமினியத்தின் கதை சென்னையின் எழும்பூரையும் மேட்டூரையும் தொடுகிறது. சாயக் குழம்பின் கதை வடசென்னையின் மணலியைத் தொடுகிறது.

தாள் எதற்கு?

நரையை மறைக்க முடி முழுவதும் ஒரே சாயம் பூசும்போது தாள் தேவைப்படுவதில்லை. முடியின் சில இழைகளை மட்டும் பிரித்து வேறு நிறமாக்கும் ‘ஹைலைட்ஸ்’ முறைக்கே அது தேவைப்படுகிறது. வால் சீப்பின் கூர்முனையால் மெல்லிய இழைகளைப் பிரித்து, அவற்றின் அடியில் தாளை வைத்து, மேலே குழம்பைப் பூசித் தாளை மடித்துவிடுவர். இதனால் குழம்பு பக்கத்து முடியிலும் தலைத்தோலிலும் படாது. விரைவில் உலரவும் செய்யாது.

தமிழர் முடியைப் போன்ற கருமுடிக்கு இது கூடுதலாகப் பொருந்தும். கருமுடியில் மெலனின் நிறமி செறிவாக இருப்பதால், அதன் மேல் வெளிர் நிறம் எதையும் பூசினாலும் தெரியாது. முதலில் நிறநீக்கியால் முடியை வெளுக்கச் செய்து, பிறகே புது நிறம் ஏற்ற வேண்டும். நிறநீக்கி தோலில் பட்டால் எரிச்சலும் புண்ணும் உண்டாகலாம். ஆகவே இங்கே தாள் அழகுக்கான பொருளாக மட்டுமன்றிக் காப்புப் பொருளாகவும் அமைகிறது.

மருதாணியிலிருந்து பெராக்சைடு வரை

நரையும் அதைப் பற்றிய எண்ணமும் தமிழில் பழமையானவை. புறநானூற்றின் 191ஆம் பாடலில், ஆண்டு பல ஆகியும் தமக்கு நரை வராததற்கான காரணங்களைப் பிசிராந்தையார் அடுக்குகிறார். வீட்டு வழக்கில் மருதாணி, அவுரி, கரிசலாங்கண்ணி, நெல்லிக்காய் ஆகியவை முடிக்குப் பயன்பட்டன. மருதாணியில் உள்ள லாசோன் என்னும் பொருள் முடிக்குச் செம்மஞ்சள் நிறம் தரும். அதன் மேல் அவுரியைப் பூசினால் கருமை கிடைக்கும். இவை முடியைக் கருமையாக்கும் முறைகளேயன்றி வெளுக்கச் செய்வன அல்ல.

வெளுக்கச் செய்யும் வழியை ஐரோப்பிய வேதியியல் தந்தது. 1818இல் பிரான்சின் தெனார் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கண்டறிந்தார். 1867இல் பாரிஸ் கண்காட்சியில், லண்டன் வேதியியலர் தியேலேயும் பாரிஸ் முடி ஒப்பனையாளர் லியோன் ஹ்யூகோவும் அதைக் கொண்டு முடியை வெளுத்துக் காட்டினர்.

சாயத்தின் வரலாறு வேறு திசையிலிருந்து வந்தது. 1856இல் வில்லியம் பெர்க்கின் நிலக்கரித் தார் வழிப் பொருளிலிருந்து ஊதாச் சாயத்தை உருவாக்கினார். அவருடைய ஆசிரியரான ஹோஃப்மன் 1863இல் பாராஃபினைலின்டையமின் என்னும் பொருளைப் பற்றி எழுதினார். நிறமற்ற இப்பொருள், பெராக்சைடுடன் சேரும்போது முடிக்குள் கருஞ்சாயமாக மாறுகிறது. 1907இல் யூஜீன் ஷூலர் பாரிஸில் உருவாக்கிய முடிச்சாயத்திலிருந்தே இன்றைய லோரியல் நிறுவனம் வளர்ந்தது. சாயத் தொழில் நிலக்கரித் தாரில் தொடங்கியது. பின்னர் அதன் மூலப்பொருளான பென்சீன் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கலாயிற்று.

அலுமினியத் தாளின் வரவு

1886இல் அமெரிக்காவின் ஹாலும் பிரான்சின் எருவும் தனித்தனியே மின்பகுப்பு முறையைக் கண்டறிந்த பிறகே அலுமினியம் மலிவானது. அதற்கு 12 ஆண்டுகளுக்குப் பின், 1898இல், அது சென்னையில் தொழிலாக உருப்பெற்றது. எழும்பூரில் இருந்த அரசு கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் பயிற்சியைத் தொடங்கினார். பித்தளை, செம்பு வேலையில் தேர்ந்த சென்னைக் கைவினைஞர்களே இறக்குமதியான அலுமினியத் தகட்டைப் பாத்திரமாக்கினர். 1903இல் அத்தொழிற்கூடம் தனியார் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அரசே தொழில் நடத்தலாமா என்னும் விவாதம் இதனால் கிளம்பி, 1910இல் இந்தியச் செயலர் மார்லி அத்தகைய முயற்சிகளைத் தடுக்கும் அளவுக்குச் சென்றது.

தமிழ்நாட்டில் அலுமினியத்தையே உருக்கி எடுக்கும் ஆலை பின்னர் மேட்டூரில் அமைந்தது. 1960இல் பதிவான மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, 1965இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஏற்காடு, கொல்லிமலைப் பகுதிகளின் பாக்சைட்டே அதன் மூலப்பொருள். மின்சாரத்தைப் பெருமளவில் விழுங்கும் அந்த உருக்காலை 2008இல் நிறுத்தப்பட்டது.

அலுமினியத்தை மெல்லிய தாளாக உருட்டும் ஆலை 1910இல் சுவிட்சர்லாந்தில் நிறுவப்பட்டது. முதலில் சாக்லேட்டைச் சுற்றப் பயன்பட்ட இத்தாள், 1947க்குப் பின் அமெரிக்கச் சமையலறைகளில் சுருளாக இடம்பெற்றது. வீட்டுத் தாளின் தடிமன் ஏறத்தாழ 16 மைக்ரான். இவ்வளவு மெல்லிய தாளைத் தனியாக உருட்டினால் கிழியும் என்பதால், கடைசிச் சுற்றில் இரண்டு தாள்களைச் சேர்த்து உருட்டுவர். உருளையைத் தொட்ட பக்கம் பளபளக்கும். தாளும் தாளும் தொட்ட பக்கம் மங்கலாக இருக்கும். எந்தப் பக்கம் முடியில் படவேண்டும் என்று சலூன்களில் கேட்பதுண்டு. பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

முடித்தொழிலுக்கு அலுமினியம் பொருந்தியதற்கு வேதியியல் காரணமும் உண்டு. இரும்பும் செம்பும் பெராக்சைடை வேகமாகச் சிதைத்துச் சூடேற்றும். அலுமினியத்தின் மேல் இயல்பாகப் படியும் ஆக்சைடு படலம் அதைக் காக்கிறது. சாயம் கலக்கப் பிளாஸ்டிக் கிண்ணத்தைப் பயன்படுத்துவதும் இதே கருத்தினால்தான். இரும்புச் சத்து மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் தொடர்ந்து குளிப்போருக்கு, நிறநீக்கி பூசுமுன் முடியை நன்கு அலசிச் சிறு கற்றையில் சோதிப்பது நல்லது.

தொப்பியிலிருந்து தாளுக்கு, தாளிலிருந்து வழங்கிக்கு

தாள் வருமுன் துளையிட்ட ரப்பர் தொப்பி இருந்தது. அதைத் தலையில் இறுக்கி மாட்டி, கொக்கி ஊசியால் துளை வழியே முடியை வெளியே இழுத்துச் சாயம் பூசுவர். வேதனை தரும் முறை அது. வேரை ஒட்டிச் சாயம் பூசுவதும் கடினம். 1980களில் மேலைநாட்டு அழகு நிலையங்களில் தாள்முறை பரவி, தொப்பியைப் பெரும்பாலும் ஓரங்கட்டியது.

தாள் வந்ததும் புதுச் சிக்கலும் வந்தது. வாடிக்கையாளர் வருமுன் சுருளை விரித்து, கத்தரியால் வெட்டி, அடுக்கி வைக்க வேண்டும். இவ்வேலை பெரும்பாலும் உதவியாளர் தலையில் விழுந்தது. அளவு ஒன்றுபோல் அமையாது. மெல்லிய தாள்கள் ஒட்டிக்கொள்ளும். சாயம் பட்ட கையுறையோடு பிரித்தால் கசங்கும். ஓரம் விரலைக் கீறும். இச்சிக்கல்களுக்கு விடையாக வந்ததே தாள் வழங்கி. அதன் வகைகள் வருமாறு:

பல்விளிம்புப் பெட்டி: சுருள் பெட்டிக்குள் சுழலும், வேண்டிய நீளம் இழுத்து, விளிம்பில் உள்ள பல்வரிசையில் கிழிக்க வேண்டும். அளவைக் கண்ணும் கையும் தீர்மானிக்கும்.

அளவு நிறுத்தி உள்ள வழங்கி: நீளத்தை முன்பே குறித்து வைத்தால் தாள் அந்த இடத்தில் நிற்கும், கத்தியை ஓட்டினால் துண்டாகும்.

மேலெழும் தாள் பெட்டி: வெட்டிய தாள்கள் ஒன்றோடொன்று கோத்து மடித்திருக்கும். ஒன்றை எடுத்தால் அடுத்தது தலைநீட்டும். 1920களில் முகம் துடைக்கும் காகிதப் பெட்டிகளில் வந்த உத்தியே இது.

மடித்துத் தரும் இயந்திரம்: அளந்து, வெட்டி, ஓரத்தில் ஒரு சிறு மடிப்பும் போட்டுத் தரும். அந்த மடிப்பு சீப்பின் மேல் தாள் நிற்க உதவும். குழம்பு வேர்ப்பக்கம் கசிவதையும் குறைக்கும்.

புள்ளி புள்ளியாக மேடிட்ட தாள்களும் உண்டு. வழுவழுப்பான தாளைவிட இவை முடியில் நழுவாமல் நிற்கும்.

ஒரு கணக்கு

கருவியின் பயனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 100 மீட்டர் சுருளை 25 செ.மீ. துண்டுகளாக வெட்டினால் 400 தாள்கள் கிடைக்கும். கையளவில் கிழிக்கும்போது ஒவ்வொன்றும் 30 செ.மீ. ஆகிவிட்டால் 333 தாள்களே கிடைக்கும். ஒரு தலைக்கு 40 தாள்கள் எனக் கொண்டால், முதல் முறையில் 10 பேருக்குப் போதுமான சுருள், இரண்டாம் முறையில் 8 பேரோடு ஏறத்தாழ முடிந்துவிடும். இரண்டு நாற்காலி போட்ட கடைக்கு இந்த வேறுபாடு சிறிதல்ல.

அடைப்பமும் அழகு நிலையமும்

தமிழில் முடிதிருத்துவோரின் கருவிப் பைக்கு ‘அடைப்பம்’ என்று பெயர். கத்தி, கத்தரிக்கோல், சீப்பு, கிண்ணம், சாணைக்கல் ஆகியவற்றை அதில் சுமந்து வீடுவீடாகச் சென்றனர். மருத்துவமும் பிள்ளைப்பேறு பார்ப்பதும் இச்சமூகத்தின் பணிகளாக இருந்தன. ‘மருத்துவர்’ என்னும் பெயரே அதற்குச் சான்று. இருந்தும் அவர்களுக்கு மதிப்பு கிட்டவில்லை. கிராமங்களில் அறுவடைக்கு ஒருமுறை கிடைத்த தானியமே கூலியாக இருந்தது. நகரத்துச் சலூனில் ரொக்கக் கூலியும் சொந்தப் பெயர்ப்பலகையும் கிடைத்தன. 1989இல் தமிழ்நாட்டில் உருவான மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இச்சமூகம் இடம்பெற்றது. முடிதிருத்தும் தொழிலாளர்க்கெனத் தனி நல வாரியமும் மாநிலத்தில் செயல்படுகிறது.

சென்னையில் குளிரூட்டப்பட்ட குடும்ப அழகு நிலையங்களின் பெருக்கம் 2000க்குப் பின் நிகழ்ந்தது. 2000இல் வீணா குமாரவேல் நேச்சுரல்ஸ் நிலையத்தைத் தொடங்கினார். 2002இல் கெவின்கேர் நிறுவனத்தின் கிரீன் டிரெண்ட்ஸ் வந்தது. இரண்டும் கடலூரைச் சேர்ந்த ஒரே குடும்பத்தோடு தொடர்புடையவை. அக்குடும்பத்தின் சின்னி கிருஷ்ணன், ஷாம்பூவைச் சிறு பொட்டலங்களில் விற்ற முன்னோடியாக அறியப்படுகிறார். சாதி வழித் தொழிலாக இருந்தது, பயிற்சி பெற்று எவரும் செய்யும் தொழிலாக இக்காலத்தில் மாறியது. அதன் மறுபக்கமும் உண்டு: பழைய கடைக்காரர் புதுக் கருவிகளையும் புது முறைகளையும் கற்காவிட்டால், இளைய வாடிக்கையாளர் பெரிய நிலையங்களைத் தேடிச் செல்வர். தாள் வழங்கி போன்ற சிறு கருவி அவருக்குப் பெரிய முதலீடு இல்லாமல் அந்த இடைவெளியைக் குறைக்கும் வழிகளுள் ஒன்று.

மணலியின் தொடர்பு

மணலி வடசென்னையின் வேதித்தொழில் மையம். 1965இல் உருவான மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை 1969இல் இங்கு இயங்கத் தொடங்கியது. அதையொட்டி உரம், பெட்ரோ வேதிப்பொருள் ஆலைகள் அமைந்தன. அவற்றுள் மணலி பெட்ரோகெமிக்கல்ஸ் தயாரிக்கும் பொருள்களில் ஒன்று புரோப்பிலீன் கிளைக்கால். மருந்து, உணவு, அழகுப் பொருள் எனப் பலவற்றில் கரைப்பானாகவும் ஈரம் காப்பதாகவும் பயன்படும் இப்பொருள், முடிச்சாயக் குழம்புகள் பலவற்றின் உள்ளடக்கப் பட்டியலிலும் காணப்படும். 2011இல் மணலி நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்து, அதன் 2ஆம் மண்டலமானது.

கையும் குப்பையும்

சாயத்தால் வாடிக்கையாளருக்கு ஓரிரு மணி நேரத் தொடர்பு. தொழிலாளிக்கோ அன்றாடத் தொடர்பு. பாராஃபினைலின்டையமின் கடும் தோல் ஒவ்வாமை உண்டாக்கக்கூடியது. அமெரிக்கத் தோல் ஒவ்வாமைச் சங்கம் 2006இல் இதை ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என அறிவித்தது. அந்நாட்டில் 1933இல் ‘லாஷ் லூர்’ என்னும் இமைச் சாயம் பார்வை இழப்பை விளைவித்ததும், 1938இன் அழகுப்பொருள் சட்டத்துக்கு ஒரு காரணமாயிற்று. இந்தியாவிலும் இப்பொருள் கலந்த சாயங்களில், முன்சோதனை செய்யவேண்டும் என்றும் இமை, புருவத்தில் பூசக்கூடாது என்றும் எச்சரிக்கை அச்சிடுவது கட்டாயம். காதின் பின்புறமோ முழங்கை மடிப்பிலோ சிறிது பூசி 48 மணி நேரம் கவனிப்பதே முன்சோதனை. தொழிலாளி ஒவ்வாமைக்கு ஆளானால் சாய வேலையையே கைவிட நேரும். எனவே கையுறையும், தாளைப் பலமுறை தொட்டுப் பிரிக்கத் தேவையில்லாத வழங்கியும் அவருடைய பிழைப்பைக் காக்கும் பொருள்கள்.

தாளின் முடிவும் எண்ணத்தக்கது. 12 செ.மீ. அகலமும் 25 செ.மீ. நீளமும் உள்ள 16 மைக்ரான் தாளின் எடை ஏறத்தாழ 1.3 கிராம், 40 தாள்களுக்கு 52 கிராம். பழைய அலுமினியத்தை மீண்டும் உருக்க, தாதுவிலிருந்து எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் சுமார் 5 விழுக்காடே போதும். ஆனால் சாயம் ஒட்டிக் கசங்கிய மெல்லிய தாளாகக் குப்பையில் சேர்ந்தால் அப்பயன் கிட்டாது. வடசென்னையின் குப்பை கொடுங்கையூர் கிடங்கையே சேர்கிறது. தாள்களைக் கழுவி, உலர்த்தி, இறுக்கிப் பந்தாக உருட்டிச் சேர்த்துவைத்தால் காயலான் கடையில் அலுமினியமாக எடைக்குப் போடலாம். மெல்லிய தாள் தனித்தனியாக உலையில் விழுந்தால் பெரும்பகுதி ஆக்சைடாக வீணாகும் என்பதால், இறுக்கி உருட்டுவது உருக்குவோருக்கும் உதவும்.